டோபமைன் குறைந்தவருக்கு டோபமைனையே ஏன் கொடுப்பதில்லை?

உங்கள் தந்தைக்குப் பார்க்கின்சன் நோய், மூளையில் நரம்புச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னபின், அந்த டோபமைனையே கொடுக்காமல் லெவோடோபாவையும் கார்பிடோபாவையும் சேர்த்துத் தருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்துக் கடை வைத்திருக்கும் எனக்கு, நோயாளிகளின் வீட்டார் அடிக்கடி கேட்டுப் பழகிய கேள்வி இது.

டோபமைனை ஊசி வழியாக இரத்தத்தில் ஏற்றினால் அது இதயத்திலும் இரத்த நாளங்களிலும் வேலை செய்யுமே தவிர மூளைக்குள் போகாது. உடலின் பெரும்பாலான பகுதிகளில் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரிலுள்ள செல்களுக்கிடையே சிறு இடைவெளிகள் உண்டு. மூளையிலோ அச்செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதால், எந்தப் பொருளும் செல்லின் ஊடாகத்தான் கடந்தாக வேண்டும். இரத்தத்தில் செலுத்திய சாயம் மற்ற உறுப்புகளில் ஏறியும் மூளையில் ஏறவில்லை என்பதை 1885இல் ஜெர்மன் மருத்துவ அறிஞர் பால் எர்லிக் கண்டார். அந்தப் பிணைப்புதான் காரணம் என்பது 1967இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் தெளிவாயிற்று.

இந்த இரத்த-மூளைத் தடையை வெறும் சுவர் என்று எண்ணிவிடக் கூடாது. ஆக்சிஜன், மது போன்ற சிறிய மூலக்கூறுகள் கொழுப்புப் படலத்தில் கரைந்து தாமாகவே கடக்கின்றன. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவிடுவதால், அதற்கு வேண்டிய குளுக்கோஸை ஏற்றிச் செல்லத் தனிப் புரதங்கள் இருக்கின்றன. வேண்டாதவை உள்ளே நுழைந்தால் இரத்தத்துக்கே திருப்பித் தள்ளும் புரதங்களும் அதே செல்களில் உண்டு. விடியற்காலையில் கடலுக்குப் போகும் தேவனாம்பட்டினத்து மீனவர் சளி மாத்திரை கேட்டால் நான் குளோர்பெனிரமைனைத் தவிர்ப்பது இதனால்தான்: அது எளிதில் மூளைக்குள் சென்று தூக்கத்தை வரவழைக்கும், அதே வகை மருந்தான பெக்சோபெனடினை அந்தப் புரதங்கள் பெரும்பாலும் வெளியேற்றிவிடுகின்றன.

லெவோடோபா ஓர் அமினோ அமிலம். பெரிய அமினோ அமிலங்களை ஏற்றிச் செல்லும் புரதத்தின் வழியாகவே அது உள்ளே போய், அங்கே டோபமைனாக மாறுகிறது. மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றிலிருந்து வரும் அமினோ அமிலங்களும் குடலிலும் மூளை வாசலிலும் அதே வழிக்குப் போட்டியிடும். மதியம் மீன்குழம்புச் சாப்பாட்டுக்குப் பின் போட்ட மாத்திரை சரியாகக் கேட்கவில்லை என்று சிலர் சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பொதுவாக உணவுக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போடச் சொல்வார்கள். உங்கள் தந்தைக்கு எந்த நேரம் ஏற்றது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்பிடோபாவின் சிறப்போ, அது மூளைக்குள் போகாததுதான். லெவோடோபா வழியிலேயே டோபமைனாக மாறி வீணாவதை அது உடலில் தடுக்கிறது, மூளைக்குள் நடக்கும் மாற்றத்தைத் தொடுவதில்லை. குமட்டலும் குறைகிறது, ஏனெனில் வாந்தியைத் தூண்டும் பகுதி மூளைத் தண்டில் இருந்தாலும் அந்த இடத்தில் இத்தடை இல்லை, இரத்தத்தில் ஏறும் டோபமைன் அதை நேரடியாகத் தொட்டுவிடும்.

இதையொட்டி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு தடையைக் கடந்து மூளையிலும் டோபமைனின் வேலையைத் தடுப்பதால், உங்கள் தந்தையின் நடுக்கமும் விறைப்பும் கூடிவிடக்கூடும். பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடும் டொம்பெரிடோனை மருத்துவர்கள் எழுதுவதுண்டு என்றாலும், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு அதுவும் ஆகாது. வாந்தி மாத்திரை வாங்கும்போது, பார்க்கின்சன் நோயாளிக்கு என்பதைக் கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.