கந்தோருக்குள் தொங்கும் பூக்கன்று: முதலில் கொக்கியின் இடத்தைப் பாருங்கள்

கேள்வி: திருகோணமலை உட்துறைமுக வீதியில் எங்கள் கந்தோர். மேல்மாடியில் ஒரே நீள அறை, எட்டுப் பேர் வேலை செய்கிறோம். காலையிலிருந்து மாலை ஐந்து மணி வரை ஏசி ஓடும். மேற்கே கடலைப் பார்த்த இரண்டு யன்னல்கள் உண்டு. நிலத்தில் சாடி வைக்க இடமில்லாததால் மூன்று பன்னச் சாடிகள் வாங்கித் தொங்கவிட்டோம். ஒரு மாதத்துக்குள் மூன்றும் கருகிவிட்டன. எந்தக் கன்று வாங்கினால் தாக்குப்பிடிக்கும்? காற்றைச் சுத்தமாக்கும் கன்று என்று விற்கிறார்களே, அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டுமா? சாடியில் நுளம்பு பெருகும் என்று கூட வேலை செய்பவர்கள் பயப்படுகிறார்கள்.

பதில்: பன்னம் கருகியதற்கு நீங்கள் கவனிக்காமல் விட்டது காரணமாக இருக்காது. ஏசி ஓடும்போது வெளிக்குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். அது அவ்வளவும் உங்கள் அறைக் காற்றில் இருந்த ஈரம். பன்னம் அந்த ஈரத்தை நம்பி வாழ்கிற கன்று. வேரில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் காற்று காய்ந்திருந்தால் அதன் மெல்லிய இலை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே வரும். நிழலான விறாந்தையில், மழைக்காலத்தில், அதே பன்னம் வடிவாக வளரும். ஏசி அறைக்குள் அதை வைத்து மினக்கெட வேண்டாம். சாடிகளைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள், அவை உதவும்.

எந்தக் கன்று என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் கொக்கி எங்கே இருக்கிறது என்று நான் கேட்க வேண்டும். கந்தோர்களில் தொங்கும் கன்றுகள் சாவதற்குப் பெரும்பாலும் கன்று காரணமில்லை, தொங்கவிட்ட உயரம்தான் காரணம். சீலிங்கை ஒட்டிக் கொக்கி அடித்து, ஒரு சாண் சங்கிலியில் சாடியை மாட்டிவிடுகிறார்கள். யன்னலின் மேல்விளிம்புக்கு மேலே வானம் தெரியாது, அங்கே போவது சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மட்டுமே. டியூப் லைட்டும் கீழ்நோக்கித்தான் வெளிச்சம் தருகிறது. நமது கண்ணுக்கு அறை முழுவதும் பளிச்சென்று இருக்கும், ஆனால் கன்றின் தலை இருப்பது அறையிலேயே இருட்டான இடத்தில். இரண்டு மாதத்தில் கொடியின் நுனியில் மட்டும் நாலு இலை இருக்கும், சாடியின் வாய் மொட்டையாகிவிடும்.

ஆகவே சாடியின் வாய் யன்னலின் மேல்விளிம்புக்கு ஒரு அடியாவது கீழே வரவேண்டும். யன்னலிலிருந்து மூன்று நான்கு அடிக்குள் இருப்பது நல்லது. இடத்தைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பகல் பன்னிரண்டு மணிபோல, லைட்டுகளை அணைத்துவிட்டு, சாடி வரப்போகும் உயரத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். அதற்கு ஒரு அடி மேலே உங்கள் கையை விரித்துப் பாருங்கள். விரல்கள் பிரிந்து தெரியும் நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். விளிம்பு கலங்கிய நிழல் என்றால் மணிபிளான்ட் போன்றவை தாங்கும். நிழலே விழவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கைத்தொலைபேசியில் வெளிச்சம் அளக்கும் இலவசச் செயலிகளும் இருக்கின்றன. கணக்கு முழுச்சரியாக வராது, ஆனாலும் 500 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மிகக் குறைவாகக் காட்டும் இடத்தில் பெரும்பாலான கன்றுகள் வளராது, மெல்ல மெல்லத் தேயும்.

உங்களுடையது மேற்கு யன்னல். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வெயில் நேரே உள்ளே அடிக்கும், உட்துறைமுகத் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும் சேர்ந்துவரும். கண்ணாடிக்கு அருகே இலை இருந்தால் வெந்துபோகும். ஒரு மெல்லிய வெள்ளைத் திரைச்சீலை போதும். கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடி என்றால் கன்றுக்கு வெளிச்சம் போதாது.

வேறு திசை யன்னல் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்களில் தெற்கு யன்னல்தான் சிறந்தது, வடக்கு யன்னல் இருட்டு என்று எழுதியிருக்கும். அது நமக்குப் பொருந்தாது. திருகோணமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் நம் உச்சிக்கு நேரே வந்து, அதன்பிறகு ஓகஸ்ட் கடைசி வரை வடக்குப் பக்கமாகவே போகிறது. அந்த மாதங்களில் வடக்கு யன்னலுக்கு வெயில் வரும், தெற்கு யன்னலுக்கு வராது. மார்கழியில் இது தலைகீழ். வருடம் முழுவதும் ஒரே கொக்கியில் ஒரு கன்றை வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, இடம் மாற்றலாம்.

அடுத்தது ஏசிக் காற்று. சாடி வரும் இடத்தில் ஒரு டிஷ்யூக் கீற்றைப் பிடித்துப் பாருங்கள். அது ஆடினால் அந்த இடம் வேண்டாம்.

கொக்கியைப் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். எட்டு அங்குலச் சாடி நன்றாக நனைந்தால் நான்கு கிலோவுக்கு மேல் போகும். அலுமினியச் சட்டத்தில் செருகிய சீலிங் தட்டில் அதை மாட்டவே கூடாது. கொங்கிரீட்டில் துளையிட்டு, உள்ளே விரிந்து பிடிக்கும் இரும்பு போல்ட் போட வேண்டும். சுவரில் ஆணிக்கு வைக்கும் பிளாஸ்டிக் அடைப்பு, நேரே கீழ்நோக்கி இழுக்கும் பாரத்துக்கு நம்பகமில்லை. நம் ஊர் இரண்டு பக்கமும் கடல். முலாம் பூசிய கொக்கி ஒரு வாடைக்காலத்திலேயே துருவேறத் தொடங்கிவிடும், கறள் பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். வாடகைக் கட்டடம், துளையிட விடமாட்டார்கள் என்றால் யன்னலின் உள்பக்க இரும்புக் கம்பியில் எஸ் கொக்கி மாட்டுங்கள். எப்படி மாட்டினாலும் கணினி, கோப்பு, பிளக், ஆட்கள் நடக்கும் வழி இவற்றுக்கு நேர் மேலே வேண்டாம்.

சரி, இனிக் கன்றுக்கு வருவோம். நான் உங்களுக்கு முதலில் சொல்வது மணிபிளான்ட். எல்லா வீட்டிலும் இருப்பதுதானே என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை ஏசியை நிறுத்திப் பூட்டிவிட்டுப் போனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த அறை அடுப்பாக இருக்கும், திங்கள் காலை மறுபடி குளிரும். இந்த மாற்றத்தை முகம் சுளிக்காமல் தாங்கும் கொடி வேறு அதிகமில்லை. இலையில் மஞ்சளோ வெள்ளையோ கூடக்கூட அதற்கு வெளிச்சம் கூடத் தேவை. வெளிச்சம் குறைந்த கொக்கிக்கு முழுப் பச்சை இலையுள்ளதை எடுங்கள். வெள்ளை படர்ந்ததை அங்கே வைத்தால் புது இலைகள் பச்சையாகவே வரும், கொடுத்த காசு வீண். இதய வடிவ இலையுள்ள பிலோடென்ட்ரனும் இதே குணம்தான், இலை இன்னும் மெல்லியது, தொங்குவது இன்னும் அழகு. இரண்டின் சாற்றிலும் வாயையும் தொண்டையையும் எரியவைக்கும் நுண்ணிய படிகங்கள் உண்டு. வாடிக்கையாளர்கள் சிறுபிள்ளைகளோடு வருகிற இடம் என்றால் எட்டாத உயரத்தில் கொடியை வெட்டிவிடுங்கள்.

யன்னலுக்கு அருகே ஸ்பைடர் பிளான்ட் வைக்கலாம். தாய்க் கன்றிலிருந்து நீளக் காம்பில் குட்டிகள் தொங்கும், தொங்கும் சாடிக்கென்றே பிறந்தது மாதிரி இருக்கும். வேர் கிழங்குபோல் தடித்து ஈரத்தைச் சேமிப்பதால் நீண்ட விடுமுறையைத் தாங்கும். விஷமும் இல்லை. இதற்கு ஆகாதது தண்ணீரில் உள்ள உப்பு. கடலோரக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் இலை நுனி மண்ணிறமாகக் காய்ந்துவிடும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பில்லை. அதை ஒரு வாளியில் பிடித்து அன்றன்றே ஊற்றினால் நல்லது.

மேற்கு யன்னலின் திரைச்சீலைக்குப் பக்கத்தில், மிகுந்த வெளிச்சம் உள்ள கொக்கிக்கு ஹோயாவை வையுங்கள். தடித்த மெழுகு இலை, நட்சத்திரம் கோத்த மாதிரிப் பூக்கொத்து. பூ உதிர்ந்த பிறகு நிற்கும் குட்டைக் காம்பை வெட்டிவிடாதீர்கள், அடுத்த பூவும் அதே காம்பில்தான் வரும்.

கொஞ்சம் தேடியாவது வாங்கச் சொல்வது ரிப்சாலிஸ். பச்சை நூலைப் பின்னித் தொங்கவிட்டதுபோல் இருக்கும், இலையே கிடையாது. இது ஒரு கள்ளி. கள்ளிக் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டத்துக்குரியது. மனிதன் கொண்டுபோகாமலே அதற்கு வெளியே இயற்கையாக வாழ்வது ரிப்சாலிஸில் ஒரே ஒரு இனம்தான், ஆபிரிக்காவிலும் நம் இலங்கையிலும் மரக்கிளைகளில் ஒட்டி வளர்கிறது. கிளையில் வளர்ந்து பழகியதால் நேர்வெயில் வேண்டாம், சிறிய சாடி போதும், பாரமும் குறைவு. காட்டிலிருந்து பிடுங்கி விற்பவரிடம் வாங்காதீர்கள், துண்டு வைத்து வளர்த்ததையே கேளுங்கள்.

ஐவி, முத்துமாலை மாதிரித் தொங்கும் சதைக்கொடி, பத்துமணிப்பூ மூன்றையும் தவிருங்கள். ஐவிக்கு நம் சூடு ஆகாது, காய்ந்த காற்றில் சிலந்திப்பேன் பிடிக்கும். மற்ற இரண்டுக்கும் கந்தோர் வெளிச்சம் போதாது.

மண்ணுக்குத் தோட்டத்து மண்ணை அள்ளிப் போட வேண்டாம், பாரமும் கூடும், இறுகியும் விடும். கழுவி உப்பெடுத்த தும்புத்தூள் இரண்டு பங்கு, சிறு தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு, நன்றாக மக்கிய கூட்டுப்பசளை ஒரு பங்கு போதும். மாதம் ஒருமுறை தண்ணீரில் கரையும் பசளையைப் பெட்டியில் சொன்ன அளவில் பாதி கொடுங்கள்.

தண்ணீர் ஊற்ற நாள் குறிக்க வேண்டாம். சாடியைக் கீழிருந்து கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். பாரமாக இருந்தால் விடுங்கள், பஞ்சுபோல் வந்தால் ஊற்றுங்கள். கச்சான் வீசுகிற ஆனி, ஆடியில் நாலைந்து நாளில் காயும். கார்த்திகை, மார்கழி மழையில் பத்து நாள் போனாலும் ஈரம் இருக்கும். அந்த நேரத்தில் கச்சான்கால வழக்கப்படி ஊற்றித்தான் வேரை அழுகவிடுகிறார்கள். எட்டுப் பேரும் ஊற்றக் கூடாது. ஒருவர் பொறுப்பு, அவர் லீவு என்றால் யார் என்பதையும் இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

நுளம்பைப் பற்றிய பயம் நியாயமானது. 2017இல் டெங்கு கிண்ணியாவை எப்படி ஆட்டிப்படைத்தது என்பதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. ஆனால் நுளம்பு ஈர மண்ணில் பெருகுவதில்லை, தேங்கிய தண்ணீரில்தான் பெருகும். ஆபத்து சாடியின் அடியில் ஒட்டியிருக்கும் தட்டில், அழகுக்கு மாட்டும் துளையில்லாத வெளிச்சாடியில், மேசையில் போத்தல் தண்ணீரில் நிற்கும் மணிபிளான்டில். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக மாற நம் சூட்டில் ஒரு கிழமை, பத்து நாள் போதும். ஆகவே சாடியைக் கழற்றிக் கழுவுமிடத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, சொட்டு நின்ற பிறகு மாட்டுங்கள். தட்டு இல்லாமலே சமாளிக்கலாம். வெளிச்சாடி இருந்தால் கிழமைக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். டெங்கு நுளம்பின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் கந்தோர்களுக்கும் பொருந்தும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் போத்தல் மணிபிளான்டையும் பார்ப்பார்.

காற்றைச் சுத்தமாக்கும் என்ற பேச்சுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். நாசா 1989இல் வெளியிட்ட ஆய்வுதான் அதற்கு மூலம். அது காற்றுப் புகாமல் அடைத்த சிறு பெட்டிகளுக்குள் செய்தது. 2019இல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படியான ஆய்வுகளை ஒன்றாக வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். சாதாரணக் கட்டடத்தில் காற்று வந்துபோவதாலேயே நடக்கும் சுத்திகரிப்பைக் கன்றுகளால் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீற்றருக்குக் குறைந்தது 10, கூடியது 1000 கன்றுகள் வேண்டும் என்று வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யன்னல்களைத் திறந்துவிடுங்கள், காற்றுக்கு அதுதான் வழி. கன்றை, கணினித் திரையிலிருந்து நிமிரும் கண்ணுக்குப் பச்சையாக ஒன்று தெரிய வேண்டும் என்பதற்காக வையுங்கள். எனக்கு அந்தக் காரணமே போதுமானதாகப் படுகிறது.

இப்போதைக்கு மணிபிளான்ட் இரண்டு, ஸ்பைடர் பிளான்ட் ஒன்று வாங்குங்கள், உங்களிடம் உள்ள மூன்று சாடிகளுக்கும் சரியாக இருக்கும். வாங்கும்போது இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையை விலக்கிப் பாருங்கள். அங்கே வெள்ளைப் பஞ்சுபோல் இருந்தால் அது மாவுப்பூச்சி, அந்தக் கன்று வேண்டாம். கொண்டுவந்ததும் உள்ளே மாட்டாமல் ஒரு கிழமை விறாந்தை நிழலில் தனியே வைத்துக் கவனித்து, பூச்சி இல்லை என்று கண்ட பிறகு கொக்கிக்கு ஏற்றுங்கள்.