மூக்கு வழி எண்டோஸ்கோபி: குமட்டலுக்குப் பயந்தவருக்கு

போன முறை எண்டோஸ்கோபியில் (கேமரா வைத்த குழாயை விட்டு இரைப்பை வரை பார்க்கும் பரிசோதனை) குழாய் தொண்டையைத் தொட்டதுமே ஓங்கரித்து, பாதியில் நிறுத்திவிட்டார்கள், இப்போது மூக்கு வழியாகச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டையும் செய்துகொண்டவன். உங்கள் நிலையில் இருந்தால் மூக்கைத்தான் கேட்பேன்.

வாய்வழிக் குழாய் சுமார் 9 மில்லிமீட்டர் தடிமன். மூக்குக்கானது 5, 6 மில்லிமீட்டர்தான். நாக்கின் அடியை அவ்வளவாக அழுத்தாது, அதனால் குமட்டல் குறைவு. எனக்கு முதலில் மூக்கடைப்புச் சொட்டு விட்டு, மரத்துப்போகும் ஜெல் தடவினார்கள். குழாய் நுழையும்போது மூக்குக்குள் ஒரு அழுத்தம், கண்ணில் தண்ணீர், அவ்வளவுதான். நடுவில் டாக்டரிடம் பேசவே செய்தேன்! மயக்க ஊசி போடாததால் தனியாகவே வீடு திரும்பினேன்.

ஆனால் குழாய் மெலிந்தால், அதற்குள் கருவிகள் போகும் உள்வழியும் மெலியும். பயாப்சிக்கு (திசுப் பரிசோதனைக்கு) எடுக்கும் சதைத்துணுக்கு சிறியதாக இருக்கும், உறிஞ்சும் வேகமும் குறைவு. ரத்தக்கசிவை நிறுத்துவது போன்ற சிகிச்சை தேவைப்பட்டால் பெரும்பாலும் வாய்தான் வழி. சிலருக்கு மூக்கில் ரத்தம் வரும், பெரும்பாலும் தானாக நின்றுவிடும்.

நீங்கள் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருப்பதுதான் முக்கியம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். மூக்குத் தண்டு வளைவு, சதை வளர்ச்சி இருந்தாலும் அப்படியே. இந்த வசதி எல்லா இடத்திலும் இல்லை, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். கிடைக்காவிட்டால், மயக்கம் கொடுத்து வாய்வழியே செய்யச் சொல்லலாம். அப்புறம் துணைக்கு ஆள் வேண்டும், அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது.