ஊட்டியில் பூங்காவும் போட் ஹவுஸும் தவிர, வண்டியை நிறுத்திப் பார்க்கும்படி விநோதமான இடங்கள் ஏதாவது உண்டா?

உண்டு. நாங்கள் சென்னிமலைக்காரர்கள். போன டிசம்பர் விடுமுறையில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய என் அம்மா என ஐந்து பேரும் எங்கள் பழைய காரில் போய் வந்தோம். அம்மா ஐம்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். அதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஏறினோம். மகன் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிட்டான், அதை விடுங்கள். கோத்தகிரியை ஒட்டிக் கன்னேரிமுக்கில் சிவப்பாக ஒரு பழைய வீடு நிற்கிறது. 1819-ல் மலையேறிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் வீடு, இப்போது சிறிய அருங்காட்சியகம். ஊட்டி ஊராவதற்கு முன் அவர் தங்கியது இங்கேதான். அரை மணி நேரம் போதும்.

ஊட்டிக்குள் செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்குப் போனால் அண்ணாந்து பாருங்கள். 1831-ல் திறந்த அந்தக் கோயிலின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரங்கள். பாடத்தில் திப்புவைப் படித்துக்கொண்டிருந்த மகள், "அப்போ இது திருட்டு மரமாப்பா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள். உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

போட் ஹவுஸ் உங்களுக்கு வேண்டாம், சரி. ஆனால் அதன் எதிரே நூல் தோட்டம் இருக்கிறது. பூ, இலை, தண்டு எல்லாமே ஊசியும் இயந்திரமும் இல்லாமல் கையாலேயே நூல் சுற்றிச் செய்தவை. எனக்கு ஐந்து நிமிடத்தில் அலுத்துவிட்டது. அம்மா மட்டும் ஒவ்வொரு பூவாகக் கண்ணை இடுக்கிப் பார்த்து, "நூலு முறுக்குக் குலையாம சுத்தியிருக்காங்க கண்ணு" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

நான் சொல்ல வந்த இடம் ஊருக்கு வெளியே, முத்தோரை பாலாடா பக்கம். கேரட் தோட்டங்களைத் தாண்டிப் போனால் ஒரு மலைச்சரிவில் இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்கும். மொத்தம் 24. முதலில் பார்த்தபோது பாதி கட்டி நிறுத்திய மேம்பாலம் என்று நினைத்தேன். அது ரேடியோ தொலைநோக்கி, விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிப்பது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் கட்டி முடித்தார்கள். இத்தனை தூரம் வந்து இந்தச் சரிவை ஏன் பிடித்தார்கள் என்பதுதான் சுவாரசியம். ஊட்டி இருப்பது சுமார் 11 டிகிரி அட்சரேகையில். இந்தச் சரிவும் வடக்கு தெற்காக ஏறக்குறைய அதே 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. பூமி சுழலச் சுழல, இதை ஒரே அச்சில் உருட்டிக்கொண்டே போனால் வானத்தில் ஒரே பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பார்க்கலாம். பக்கத்திலேயே உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. மகனுக்கு அதுதான் பெரிய சிரிப்பு.

நாங்கள் உள்ளே போகவில்லை, சாலையோரம் நின்றுதான் பார்த்தோம். மகளுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே பனிமூட்டம் ஏறி, அரை கிலோமீட்டர் நீளப் பொருள் கண்முன்னே காணாமல் போனது. காரில் உட்கார்ந்து வர்க்கியும் பிளாஸ்க் டீயுமாக முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். நீங்களும் பிளாஸ்க் எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. மலையேற வண்டிக்கு வேண்டிய இ-பாஸையும் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.

மூட்டம் விலகியது. அந்தச் சட்டங்களின் மேல் 1,100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடுகின்றன என்றேன். அதுவரை பேசாமல் இருந்த அம்மா கண்ணாடியை இறக்கினார்.

"அப்ப இது பாவுதான். நம்ம பாவடியில தறிக்கு நூலு நீட்டற மாதிரியே நீட்டி வெச்சிருக்காங்க. ஏங் கண்ணு, நடுவுல ஒரு இழை அறுந்தா யாரு மேல ஏறிப் பிணைப்பாங்க?"