மாபோ டோஃபுவும் மாமியார் வீட்டு மேசையும்

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறேன். கணவர் சீனர். ஓராண்டாக நான் வீகன். பால், முட்டை, தேன் எதுவும் தொடுவதில்லை. ஞாயிறுதோறும் மாமியார் வீட்டில் சாப்பாடு. போன மாதம் நானே மாபோ டோஃபு, அதாவது சோயாப் பால் கட்டியான டோஃபுவைப் போட்ட சீனக் காரக் குழம்பு, செய்து எடுத்துப் போனேன். டோஃபு உடைந்து கூழாகிவிட்டது, சுவையும் சப்பென்று இருந்தது. "இறைச்சி இல்லாமல் இது எப்படி ருசிக்கும்?" என்று மாமனார் சிரித்தார். கோபத்தில் கைபேசியை எடுத்து ஒரு கோழிப்பண்ணைக் காணொளியைக் காட்டிவிட்டேன். மாமியார் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போனார். சமையலையும் சரிசெய்ய வேண்டும், உறவையும் சரிசெய்ய வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: சமையலிலிருந்தே தொடங்குங்கள். மாமனார் கேட்டது குத்தலாக இருந்திருக்கலாம், ஆனால் தப்பான கேள்வி இல்லை. சிச்சுவான் மாநிலத்தின் செங்டு நகரில், 1862 வாக்கில், ஒரு பாலத்தருகே சென் குடும்பத்தார் நடத்திய சிறிய சாப்பாட்டுக் கடையில் இந்த உணவு பிறந்ததாகச் சொல்வார்கள். 'மாபோ' என்றால் முகத்தில் அம்மைத் தழும்பு உள்ள பாட்டி. அந்தப் பாட்டியின் சட்டியில் கொத்திய மாட்டிறைச்சி உண்டு. அடிச்சுவையைக் கொடுப்பது அது. குழைவான டோஃபுவுக்கு நடுவே பல்லில் படுவதும் அதுதான். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் சப்பென்றுதான் இருக்கும்.

அந்த இடத்தில் காய்ந்த ஷீட்டாகே காளானை வையுங்கள். ஐந்தாறு போதும். முதல் நாள் இரவே குளிர்ந்த நீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெந்நீரில் அரைமணி நேரம் போட்டு எடுப்பதைவிட இதில் சுவை நன்றாக இறங்கும். இந்தக் காளானில் குவானிலேட் என்ற சுவைப் பொருள் இருக்கிறது. சோயா சாஸ் போன்ற புளித்த சோயாப் பொருள்களில் குளுட்டமேட் என்ற இன்னொரு சுவைப் பொருள் இருக்கிறது. இரண்டும் ஒரே சட்டியில் சேரும்போது சுவை தனித்தனியாகத் தெரிவதைவிடப் பல மடங்கு தூக்கிக் காட்டும். ஊறிய காளானைப் பிழிந்து, பொடியாகக் கொத்தி, எண்ணெயில் ஈரம் வற்றி ஓரம் சிவக்கும்வரை வதக்குங்கள். பலர் இந்த இடத்தில் அவசரப்பட்டு, வதங்காத காளானையே போட்டுவிடுகிறார்கள். ஊறிய நீரைக் கொட்டிவிடாதீர்கள், உங்களுக்கு ஸ்டாக் அதுதான். அடியில் தங்கும் மண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது தௌபன்ஜியாங். பெரிய அவரை வகை ஒன்றையும் மிளகாயையும் உப்பிட்டுப் புளிக்கவைத்த விழுது. செங்டுவை ஒட்டிய பீசியான் வட்டாரத்துச் சரக்குக்குத்தான் பேர். இரண்டு மேசைக்கரண்டி எடுத்துக் கொத்திக்கொள்ளுங்கள். மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில், சின்னத் தீயில், எண்ணெய் செக்கச்செவேலென்று பிரியும்வரை வதக்க வேண்டும். நம் ஊர் வத்தக்குழம்பில் எண்ணெய் மிதந்து வருமே, அந்தப் பதம். இஞ்சி, பூண்டு, ஒரு கரண்டி தௌச்சி எனும் கறுப்பு சோயா உப்பிட்டது, அப்புறம் காளான், காளான் நீர். விழுதிலும் தௌச்சியிலும் ஏற்கெனவே உப்பு அதிகம் என்பதால் சோயா சாஸ் ஊற்றுமுன் நாக்கில் வைத்துப் பாருங்கள்.

டோஃபு ஏன் உடைந்தது? நேராகக் குளிர்ந்தபடியே சட்டியில் போட்டுக் கிளறியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மென்மையான டோஃபு 400 கிராமை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, உப்புப் போட்ட, கொதி வராத வெந்நீரில் ஐந்து நிமிடம் விடுங்கள். பச்சை வாடை போய், கொஞ்சம் இறுகும். சட்டிக்குள் போனபின் கிளறவே கூடாது. கரண்டியின் முதுகால் மெல்லத் தள்ளுங்கள், சட்டியை ஆட்டுங்கள். சோளமாவுக் கரைசலை ஒரே மூச்சில் ஊற்றாமல் மூன்று தவணையாக விடுங்கள், டோஃபு வேக வேக நீர் விட்டுக்கொண்டே இருக்கும். உடையுமோ என்ற பயத்தில் தாவ் குவா என்ற கெட்டியான டோஃபுவுக்கு மாறிவிடாதீர்கள். அது உடையாது, ஆனால் குழம்பைக் குடிக்கவும் குடிக்காது.

கடையில் ஒரு எச்சரிக்கை: குழாய் வடிவப் பொட்டலத்தில் மஞ்சளாக வரும் டோஃபுவில் முட்டை இருக்கிறது. மஞ்சள் மீ நூடுல்ஸிலும், பூரணம் வைத்து மடிக்கும் வான்டன் மாவுத் தாள்களிலும் சில சமயம் இருக்கும். சைவ மீன், சைவக் கோழி என்று விற்கும் போலி இறைச்சிகளில் முட்டை வெள்ளையோ பால் புரதமோ சேர்ப்பதுண்டு. சிப்பி சாஸுக்குப் பதிலாகக் காளானில் செய்தது கிடைக்கிறது, நன்றாகவே இருக்கிறது.

இந்த லேபிள் விஷயத்திலிருந்துதான் உங்கள் மாமியாருக்கு வருகிறேன். சீனர்கள் 'சூ' என்று சொல்லும் சைவம், வீகன் என்ற சொல்லைவிட மிக மிகப் பழையது. வீகன் என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் உருவானது. சீனாவில் லியாங் பேரரசர் வூ ஆறாம் நூற்றாண்டிலேயே பௌத்தத் துறவிகள் இறைச்சி உண்ணக்கூடாது என்று வற்புறுத்தினார். இன்றும் பல சீனக் குடும்பங்களில் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். புத்தாண்டு முதல் நாளில் 'லுவோஹான் ஜாய்' என்ற காய்கறி, காளான், சோயா கலவை. ஆனால் அவர்கள் கோடு போடும் இடம் வேறு. கட்டுப்பாடான பௌத்தச் சைவத்தில் பூண்டு, வெங்காயத் தாள், லீக் போன்ற ஐந்து காரப் பொருள்களுக்கு இடமில்லை. பழைய பட்டியல்களில் ஐந்தாவதாக நிற்பது எது தெரியுமா? நம் பெருங்காயம்! ஆக, உங்கள் மாமியாருக்குப் பால் சரி, பூண்டு ஆகாது என்றிருக்கலாம். உங்களுக்குப் பூண்டு சரி, பால் ஆகாது. மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அவர் சைவமா, பூண்டு சேர்ப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். சைவம் என்றால், ஞாயிறுக்குக் காத்திருக்காமல் அடுத்த பதினைந்தாம் நாளில் அவர் அடுப்படிக்குப் போய் லுவோஹான் ஜாய் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். இல்லை என்றாலும் அவருடைய அம்மாவோ பாட்டியோ அப்படி இருந்திருக்க வாய்ப்பு உண்டு, பேச்சு அங்கிருந்து கிளம்பும். நீங்கள் மருமகளாக ஒரு புதுக்கொள்கையைக் கொண்டுவருகிறீர்கள் என்ற தோற்றம் அதோடு போய்விடும்.

காணொளி பற்றி. அதில் இருப்பது பொய்யில்லை, உங்கள் கோபமும் நியாயம்தான். இருந்தாலும் சாப்பாட்டு மேசை அதற்கான இடமில்லை. சீன ஓவியர் ஃபெங் ஸிகாய், தன் ஆசிரியரான ஹொங் யீ துறவியோடு சேர்ந்து, உயிர்களைக் காக்கச் சொல்லும் ஓவியங்களை வரைந்தார். 50 படங்களோடு முதல் தொகுதி 1929இல் வந்தது. படங்கள் தயாராகிக்கொண்டிருந்தபோது துறவி எழுதிய கடிதத்தில் இதே சிக்கல்தான்: தாள் முழுக்கக் கொடுமையும் தலைப்புகளில் முரட்டுச் சொற்களும் நிறைந்தால் பார்ப்பவருக்கு அருவருப்புதான் வரும், அழகும் மென்மையும் இருந்தால்தான் இரக்கம் பிறக்கும் என்றார். துறவி 1942இல் மறைந்தார். ஃபெங் விடவில்லை, துறவி இருந்திருந்தால் 70, 80 என்று ஏறியிருக்கும் வயதுக் கணக்கில் ஒவ்வொரு தொகுதியிலும் பத்துப் பத்துப் படங்களைக் கூட்டிக்கொண்டே போனார். ஆறு தொகுதி, 450 படங்கள். ஐந்தாவது, 1965இல் உங்கள் சிங்கப்பூரில்தான் வெளியானது. நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் போய் மாமியாரிடம் கொடுங்கள், அவர் வாசித்துச் சொல்லட்டும்.

அவர்களாகக் கேட்டால் உங்கள் காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள், "நான் இதனால் விட்டேன்" என்று தன்மையில். "நீங்கள் இப்படிச் சாப்பிடுகிறீர்கள்" என்று முன்னிலையில் ஆரம்பித்தால் மறுபடி கிண்ணம் கீழே போகும். உடம்புக்குச் சத்து போதுமா என்று மாமியார் நிச்சயம் கேட்பார். அதற்குப் பதில் கையில் இருக்கட்டும்: வைட்டமின் பி12 செடிகளிலிருந்து நம்பும்படி கிடைக்காது, டெம்பே என்ற புளித்த சோயாக் கட்டியை நம்பி இருக்க முடியாது, மாத்திரைதான். தினம் 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒருமுறை 2000 மைக்ரோகிராம். டோஃபு வாங்கும்போது கால்சியம் சல்பேட்டால் உறையவைத்ததா என்று பாருங்கள். சுண்ணாம்புச் சத்தில் ஒரு பங்கு அதிலேயே வந்துவிடும்.

ஒரு மன்னிப்பு மட்டும் பாக்கி. காணொளியின் உள்ளடக்கத்துக்காக வேண்டாம், சாப்பிடும் நேரத்தில் காட்டியதற்காக.

அப்புறம், மாபோ டோஃபுவின் மேல் கடைசியில் தூவும் சிச்சுவான் மிளகு. மிளகு என்று பேர்தானே தவிர, எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கொங்கணக் கரையில் மீன் குழம்புக்குப் போடும் திரிபலின் சொந்தம். உள்ளே இருக்கும் கறுப்பு விதை மண்போல நறநறக்கும், எடுத்துவிட்டுத் தோலை மட்டும் வெறும் சட்டியில் வாசம் வர வறுத்துப் பொடியுங்கள். சட்டியில் போட்டு எடுத்துப் போனால் வழியிலேயே மணம் போய்விடும். தனி டப்பாவில் கொண்டுபோய், சூடு பண்ணியபின் மேசையில் வைத்து மாமனார் கையாலேயே தூவச் சொல்லுங்கள்.