சின்னப் பிள்ளைகளோடு திருகோணமலையில் இரண்டு நாள்: கோயிலும் கடலும் தவிர என்ன இருக்கிறது?

3 வயதிலும் 8 வயதிலும் பிள்ளைகள், சனி ஞாயிறு மட்டும்தான் நேரம், கோயிலையும் கடலையும் விட்டால் திருகோணமலையில் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லையாமே என்று கேட்டிருக்கிறீர்கள். யார் உங்களுக்கு அப்படிச் சொன்னது? நான் இந்த ஊரில் பிறந்து இங்கேயே குடும்பம் நடத்துகிறவள். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பொறுக்காது.

அண்ணன் குடும்பம் போன ஆனியில் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வந்தது. அவர்களின் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய இதே வயதுதான். மச்சாளின் போனில் ஒரு பட்டியல் இருந்தது: கோணேசர் கோயில், கன்னியா, புறாத்தீவு, மார்பிள் பீச், திமிங்கிலம் பார்க்கும் படகு. எல்லாம் இரண்டு நாளுக்குள். சின்னவளோ இரவுக் கோச்சியில் தூக்கம் கெட்டு, அண்ணனின் தோளில் வாயைத் திறந்தபடி கிடந்தாள். பாதியை வெட்டுங்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். மச்சாளுக்கு முகம் கறுத்துத்தான் போனது. பரவாயில்லை.

முதலில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். வெள்ளெனப் போனால்தான் கூட்டம் இருக்காது. ஏழு கிணறுகள், எல்லாம் சதுரம், எட்டிப் பார்த்தால் அடி தெரியும். உள்ளே இறங்க முடியாது, வாளியால் அள்ளித்தான் குளிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு மாதிரி. மருமகன் ஒரு வாளி ஊற்றிக் கத்துவான், அடுத்ததற்கு ஓடுவான், கையை விட்டுப் பார்ப்பான், 'மாமி, இது கொஞ்சம், அது மெத்த' என்று வரிசை போடத் தொடங்கிவிட்டான். தகப்பன் வேறு வரிசை சொல்ல, மறுபடி முதல் கிணற்றிலிருந்து ஆரம்பம். சின்னவள் ஈரத் தரையில் சம்மணம் போட்டு, தலையில் ஊற்று ஊற்று என்று நின்றாள். துவாயும் மாற்று உடுப்பும் கட்டாயம். இராவணன் தாய்க்குக் கடன் கழிக்க உண்டாக்கிய ஊற்று என்பது ஊர்க்கதை. இறந்தவர்களுக்குக் கிரியை செய்ய நம் ஆட்கள் காலங்காலமாக வரும் இடம். அதை வெறும் விளையாட்டிடம் ஆக்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்தக் கதையையும் அங்கேயே வைத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

மதிய வெயிலில் எங்கும் போகாதீர்கள். ஆனி ஆடியில் கச்சான் காற்று அனலாக அடிக்கும். சாப்பிட்டுப் படுக்கட்டும்.

பின்னேரம் பிரெட்ரிக் கோட்டை. வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்கள் ஆடுமாடு போல நிற்கும். ஒரு பெண் மான் சின்னவளின் முகத்துக்கு நேரே மூக்கை நீட்ட, இவள் அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறெந்த ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கு இது கிடைக்கும்? ஆனால் பொலித்தீனோடு சாப்பாட்டை வீசிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மான் பையையும் சேர்த்துத் தின்கிறது. உங்கள் பிள்ளைகள் கையில் ஒன்றும் கொடுத்துவிடாதீர்கள்.

அப்படியே மேலே ஏறினால் கோணேசர். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்து, அந்தக் கல்லை வைத்தே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள் என்று மருமகனுக்குச் சொன்னேன். 1956இல் ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கீழே கடலுக்குள் மூழ்கிக் கோயிலின் இடிபாடுகளைக் கண்டதையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவனைக் கோயிலடியில் பாறை பிளந்து கிடக்கும் இராவணன் வெட்டிலிருந்து கிளப்பவே முடியவில்லை, கடலையே பார்த்தபடி கேள்வி மேல் கேள்வி. சின்னவளின் கையை மட்டும் அங்கே விட்டுவிடாதீர்கள்.

இதற்கு நடுவில் அண்ணனின் போனுக்கு ரியூசனிலிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தது: மகன் ஏன் வகுப்புக்கு வரவில்லை, தாளை எப்போது தருவீர்கள் என்று. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் வருடம் கிடக்கிறது, அதற்குள் சனியும் போச்சு, ஞாயிறும் போச்சு. எட்டு வயதுப் பிள்ளை மாமி வீட்டுக்கு வர ரியூசனில் லீவு கேட்க வேண்டுமா? படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் படித்துத்தான் வேலை பார்க்கிறேன். ஆனால் இந்த நாட்டில் பிள்ளைகளுக்குச் சனி ஞாயிறு என்று ஒன்று மிஞ்சவில்லை. நீங்கள் கூட்டிக்கொண்டு வருகிறீர்களே, அதற்காகவே இவ்வளவு எழுதுகிறேன்.

சரி, ஞாயிறு. காலையில் உப்புவெளிக் கடல், வெயில் ஏறுமுன் கரைக்கு வந்துவிடுங்கள். பிறகு கடற்படையின் அருங்காட்சியகம். பழைய ஒல்லாந்தர் கட்டடம், நிழலாக இருக்கும். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் இங்கே குண்டு போட்ட கதையை உங்கள் மூத்தவர் விரும்பிக் கேட்பார். பின்னேரம் டச்சு பே கடற்கரையில் இறால் வடை, உறைப்பு அதிகம், சின்னவருக்கு வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

புறாத்தீவு கூடாது என்று நான் சொல்லவில்லை. முருகைக்கல்லும் மீனும் அவ்வளவு அழகு, 2003இலிருந்து தேசியப் பூங்கா. ஆனால் கண்ணாடி மாட்டித் தண்ணீருக்குள் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு அங்கே காலைக் குத்தும் கல்லும் வெயிலும்தான் மிச்சம். மூத்தவர் நீந்தப் பழகிய பிறகு அதற்கென்றே ஒருமுறை வாருங்கள்.

சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் அமைதி. கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றும் மழையும், அப்போது சின்னப் பிள்ளைகளைக் கடலுக்குள் விடவே முடியாது. நாளைக் குறிக்கும்போது அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.