முயல் ஒதுக்கிய பெல்லட்

கேள்வி: எங்கள் முயலுக்கு 2 வயது, எடை 2 கிலோ. ‘முழுமையான சத்துணவு’ என்று அச்சிட்ட மிக்ஸ் பாக்கெட்டைத்தான் வாங்கிப் போடுகிறோம். அதில் சோளம், சூரியகாந்தி விதை, சிவப்பும் பச்சையுமாகச் சில துண்டுகள், பழுப்பு நிற பெல்லட் (தீவனத்தை அரைத்து அழுத்திய துண்டு) எல்லாம் இருக்கும். பெல்லட்டை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதைத் தின்கிறது. ஒரு மாதமாக வால் பக்கம் களிம்பு போல அப்பிக்கொள்கிறது. கடையில் வயிற்றுப்போக்கு என்று சொல்லி ப்ரோபயாடிக் பவுடரும் தயிர் மிட்டாயும் கொடுத்தார்கள். குறையவில்லை. வேறு எந்தக் கம்பெனி தீவனம் வாங்கலாம்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். உலர்புல் என்ற பேச்சே அதில் இல்லை. கம்பெனி பிறகு, முதலில் அதை வாங்குங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது வயிற்றுப்போக்கு மாதிரித் தெரியவில்லை. முயல் இரண்டு விதமாகப் புழுக்கை போடும். ஒன்று நாம் பெருக்கித் தள்ளும் உருண்டை. மற்றது மெத்தென்று, பளபளப்பாக, திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். குருட்டுக்குடலில் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துத் தரும் சத்து அது. முயல் குனிந்து ஆசனவாயிலிருந்தே அதை எடுத்துத் தின்றுவிடுவதால் நம் கண்ணில் படுவதே இல்லை. மாவுச்சத்தும் சர்க்கரையும் மிஞ்சினால் இந்த மென்புழுக்கை கூழாகிவிடும், அல்லது முயலுக்கு அது தேவைப்படாமல் போகும். தின்னாமல் விட்டது வாலில் அப்பிக்கொள்ளும். உடல் பருத்துக் குனிய முடியாத முயலுக்கும், முதுகுவலி உள்ள முயலுக்கும் இப்படி ஆவதுண்டு. அதனால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை தினமும் வால் பக்கத்தைப் பாருங்கள். அழுக்கில் ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும்.

மிக்ஸில் உள்ள கோளாறு நீங்களே எழுதியதுதான். முயல் இனிப்பையும் கொழுப்பையும் பொறுக்கித் தின்கிறது, நார்ச்சத்து உள்ளதை ஒதுக்குகிறது. பாக்கெட்டில் அச்சிட்ட சத்துக் கணக்கு பாக்கெட் முழுவதற்கும் உரியது. உங்கள் முயல் தின்ற பாதிக்கு அது பொருந்தாது. அந்த வண்ணங்கள் வாங்குகிற நம் கண்ணுக்காகப் போட்டவை என்பது என் எண்ணம். தயிர் மிட்டாயும் அப்படித்தான். அதில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரையும் கொழுப்பும்; தாய்ப்பால் மறந்த முயலுக்குப் பால் பொருள் எதற்கு?

பெல்லட் வாங்கினால் எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருக்கும் வகையாக வாங்குங்கள். நார்ச்சத்து 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அந்த எண்ணையே அச்சிடாத பாக்கெட்டை அலமாரியிலேயே விட்டுவிடலாம். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் போதும், அதாவது உங்கள் முயலுக்கு 50 கிராம். அதற்குமேல் போட்டால் புல்லுக்கு வயிற்றில் இடமிருக்காது. மிக்ஸைச் சட்டென்று நிறுத்தாமல் இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பசித்தால் தானே புல்லைத் தின்னும் என்று பட்டினி மட்டும் போடவே கூடாது.

பவுடரை வீணாக்க வேண்டாம் என்றால் முடித்துவிடுங்கள். ஆனால் புல் செய்யும் வேலையை அது செய்யாது. நீளமான நார்தான் குடலை நகர்த்திக்கொண்டே இருக்கும். நிற்காமல் வளரும் பற்களைத் தேய்ப்பதும் அதுவே.

கேள்வி: திமோத்தி, ஆல்ஃபால்ஃபா என்று இரண்டு வகை உலர்புல் இருக்கிறது. எது நல்லது?

பதில்: வளரும் குட்டிக்கு ஆல்ஃபால்ஃபா சரி. அது புல்லே அல்ல, பயறு வகைச் செடி. புரதமும் கால்சியமும் அதிகம். முயல் தேவைக்கு மேல் கால்சியத்தை உறிஞ்சி, மிஞ்சியதைச் சிறுநீரில் தள்ளும். வளர்ந்த முயலுக்கு அதையே போட்டு வந்தால் சிறுநீர்ப்பையில் சேறு மாதிரி தங்கக்கூடும். ஏழெட்டு மாதத்துக்குள் திமோத்திக்கோ வேறு எந்தப் புல் வகைக்கோ மாறிவிடுங்கள். பெயரைவிட வாசனை முக்கியம்: பச்சை வாடை வர வேண்டும், பூஞ்சை நெடி கூடாது, உதறினால் தூசி பறக்கக் கூடாது. தினமும் முயலின் உடம்பளவுக்கு ஒரு குவியல் வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் கட்டிவைத்தால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும், துணிப்பையே நல்லது.

கேள்வி: அவசரத்துக்கு என்ன மருந்து வாங்கி வைக்கலாம்?

பதில்: வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள். அமாக்சிசிலின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் செத்து, நச்சுக் கிருமிகள் பெருகி, முயல் இறந்தே போகலாம். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. தின்னாமலும் புழுக்கை போடாமலும் 12 மணி நேரம் ஆனால் அது அவசரநிலை, விடியட்டும் என்று இருக்காதீர்கள். குடல் நின்றுவிட்டதா அடைத்துக்கொண்டதா என்று தெரியாமல் வாயில் உணவைத் திணிப்பதும் ஆபத்து. ஆகவே வாங்கி வைக்க மருந்து எதுவும் சொல்லப்போவதில்லை. முயல்களைப் பார்த்துப் பழகிய மருத்துவர் பக்கத்தில் யார், இரவில் போன் எடுப்பாரா என்று இன்றே விசாரித்து, எண்ணைக் கூண்டில் ஒட்டிவையுங்கள்.