அவசரப் பிரிவும் வெளியே நிற்கும் குடும்பமும்

கேள்வி: சென்ற மாதம் ஓர் இரவு வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட என் தந்தையை 108 வண்டியில் நெல்லையிலுள்ள ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். எங்களுக்குப் பின் வந்தவர்களை முதலில் உள்ளே அழைத்தார்கள், காரணம் சொல்லவில்லை. அவர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்பதை ஒரு மணி நேரம் கழித்தே கேட்டார்கள். தற்போது நலமாக இருக்கிறார். புகார்ப் பெட்டியில் எழுதிப் போடுவதைத் தவிர எங்களால் ஆகக்கூடியது ஏதும் உண்டா?
- வாசகி, வீரவநல்லூர்

பதில்: உண்டு, சகோதரி. அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை. உயிருக்கு உள்ள ஆபத்தைக் கொண்டு சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துப் பார்க்கிறார்கள். அது நியாயமான முறையே. ஆனால் தங்கள் தந்தை சாப்பிடும் மாத்திரையைச் சாப்பிடுபவருக்குத் தலையில் அடிபட்டால், வெளிக்காயம் சிறிதாயினும் உள்ளே இரத்தக் கசிவு பெருகக்கூடும் என்பதால், அந்த ஒரு செய்தி அவருடைய நிறத்தையே மாற்றியிருக்கலாம். அதை அறிந்திருந்த தாங்கள் வாசலுக்கு வெளியே நின்றீர்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

புகார்ப் பெட்டியில் விழும் தாள் பெரும்பாலும் யார் தவறு என்ற விசாரணையில் முடிகிறது. நடைமுறை அப்படியே இருக்கிறது. இங்கிலாந்தில் லூட்டன் நகர மருத்துவமனையில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளைக் கொண்டு 2005-ஆம் ஆண்டளவில் தொடங்கிய முறை வேறு: நோயாளிகளும் குடும்பத்தாரும் தாங்கள் பட்டதைச் சொல்ல, அதைப் படமெடுத்து, மருத்துவரும் செவிலியரும் தங்கள் சிரமத்தையும் சொன்ன பின், இரு தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்து, எதை முதலில் திருத்துவது என்று சேர்ந்தே முடிவு செய்தார்கள். பின்னர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அவசரப் பிரிவுகளுக்கும் இதைக் கொண்டு வந்தார்கள். நோயாளியின் நிலை மோசமாகிறது என்று குடும்பத்தாருக்குத் தோன்றினால் மறுபரிசோதனை கோரும் உரிமையை, அந்நாட்டின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2013-இல் விதியாகவே ஆக்கியது.

நம் அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் இருக்கிறது. தாங்கள் சென்றது அரசு மருத்துவமனை என்றால் அச்சங்கத்துக்கும், தனியார் என்றால் அதன் நிர்வாகத்துக்கும், அன்றிரவு மணிவாரியாக நடந்ததை எவர் பெயரையும் சொல்லாமல் எழுதி, நேரில் பேச நேரம் கேளுங்கள். இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் ஒருவரும் உடனிருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள்; தனி ஆளாக அத்தனை பேரைப் பார்க்கும் அவருடைய தரப்பைக் கேட்காமல் எந்த மாற்றமும் நிலைக்காது. கேட்பதும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை: பதிவுச் சீட்டு போடும் இடத்திலேயே ‘என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?’ என்ற கேள்வி, நிறங்களின் பொருளைச் சொல்லும் தமிழ்ப் பலகை, காத்திருப்போரிடம் அரை மணிக்கொரு முறை வந்து நிலைமை சொல்ல ஓர் ஆள்.